வலிக்காத தீப்புண்!

உங்கள் கையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிறதே தோல், அது செத்த தோல்!

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உண்மை விளங்கும். ஓடு வேய்ந்தாற்போல் செத்த செல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். கிருமி உள்ளே போகாமல் தடுப்பவை இவைதான். இவற்றுக்கு அடியில் உயிருள்ள செல்கள் வரிசையாக நிற்கின்றன. இவைதான் தாய்ச் செல்கள். அங்கே பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும்.

சுடுகஞ்சி கொட்டி மேல்தோல் வெந்து போனால்?

அதற்கும் வழி உண்டு. மயிர்க்கால்கள் உள்தோலுக்குள் கிணறு போல் இறங்கி இருக்கின்றன. அந்தக் கிணற்றுச் சுவரிலும் தாய்ச் செல்கள் உண்டு. அவை மேலே ஏறி வந்து புண்ணை மூடிவிடும்.

கிணறும் சேர்ந்து வெந்தால் ஆபத்து! வலியைச் சொல்லும் நரம்பு முனைகளும் கருகிவிடும். வலியே தெரியாது. "வலி இல்லையே, சின்னக் காயம்தான்" என்று வீட்டிலேயே இருந்து விடுகிறார்கள். வலிக்காத தீப்புண்தான் பொல்லாதது! தோல் வெளுத்தோ கருகியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர்கள் தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். (சீவிய இடம் என்ன ஆகும்? அங்கேதான் மயிர்க்கால் இருக்கிறதே, ஆறிவிடும்!)

உடம்பு முழுதும் வெந்தவருக்குத் தொடைக்கு எங்கே போவது? அமெரிக்காவில் 1983-ல் அப்படி வெந்த 2 சிறுவர்களுக்கு, அவர்களுடைய செல்களையே ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, தோலாக்கி ஒட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள்!

கை, கால் சுட்டுவிட்டால் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மை, இட்லி மாவு எதுவும் தடவ வேண்டாம்.