வார்ப்பிரும்பு ரேடியேட்டர் வழி வீட்டு வெப்பமூட்டல்

வார்ப்பிரும்பு ரேடியேட்டர் என்பது குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கச் சுவரோரம் நிறுத்தப்படும், உள்ளே வெந்நீர் ஓடும் கனமான இரும்புச் சாதனம். கீழ்த்தளக் கொதிகலனில் சூடாகும் நீர் குழாய் வழியே ஒவ்வோர் அறைக்கும் சென்று, சூட்டை அங்கே விட்டுவிட்டு மீண்டும் கொதிகலனுக்குத் திரும்புகிறது. பெயர் கொதிகலன் என்றாலும் அதில் நீர் கொதிப்பதில்லை. 50 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் போதும். லாரியில் உள்ள ரேடியேட்டர் என்ஜினின் சூட்டை வெளியே தள்ளுகிறது. வீட்டு ரேடியேட்டர் கொதிகலனின் சூட்டை அறைக்குள் தள்ளுகிறது. தத்துவம் ஒன்றுதான்.

கடலூர், சிதம்பரம் பக்கம் மார்கழி விடியலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால் இங்கே இதற்கு வேலை இல்லை. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று டொராண்டோ, மொன்றியல் போன்ற நகரங்களில் குடியேறியவர்களின் நிலை வேறு. இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட வீட்டை வாங்கினால், அதோடு ஏழெட்டு இரும்பு ரேடியேட்டர்களும் சேர்ந்தே வருவதுண்டு. கழற்றி எடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி உடனே எழும். விரிசலும் கசிவும் இல்லையென்றால் வைத்துக்கொள்வதே பெரும்பாலும் நல்ல முடிவு. அதற்கான காரணங்களைப் பள்ளி இயற்பியலையும் வேதியியலையும் கொண்டே விளக்கிவிடலாம்.

தோற்றம்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொழில் நடத்திய பிரான்ஸ் சான் கல்லி 1850களில் இவ்வகைச் சாதனத்தை உருவாக்கியவராகக் குறிப்பிடப்படுகிறார். வட அமெரிக்காவில் பல ஆலைகள் 1892இல் இணைந்து அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி உருவான பின், இது நடுத்தரக் குடும்ப வீடுகளுக்கும் பரவியது.

அந்தக் காலத்தில் வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. உருகிய இரும்பை அச்சில் ஊற்றி, உள்ளே நீர் ஓட வழியுள்ள சிக்கலான வடிவங்களை மலிவாக எடுக்க முடிந்தது. வார்ப்பிரும்பு கடலூர் மாவட்டத்துக்கும் புதிதன்று. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார். சேலம் பகுதியின் மேக்னடைட் தாதுவை மரக்கரி கொண்டு அங்கே உருக்கினார்கள். இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அந்த நூற்றாண்டு முடியும் முன்பே ஆலை மூடப்பட்டது. மேக்னடைட் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குள்ளும் அது வரும்.

சூடு எங்கே தங்குகிறது?

வார்ப்பிரும்புத் தோசைக்கல் அடுப்பை அணைத்த பின்னும் வெகுநேரம் சூடாக இருக்கும். ரேடியேட்டரும் அப்படித்தான். கொதிகலன் நின்ற பின்னும் அறை திடீரென்று குளிராது. மெதுவாகவே சூடு இறங்கும். ஆனால் இதற்கு இரும்பு மட்டுமே காரணம் என்று நினைப்பது சரியன்று. 100 கிலோ இரும்பும் 20 லிட்டர் நீரும் கொண்ட ஒரு ரேடியேட்டர் 60 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிர்வதாகக் கொள்வோம். இரும்பின் தன்வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 0.5 கிலோஜூல், நீருடையது 4.2. எனவே இரும்பு 2,000 கிலோஜூலும், நீர் 3,360 கிலோஜூலும் வெளிவிடுகின்றன. எடையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள நீர்தான் அதிகச் சூட்டைச் சுமக்கிறது! இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

ரேடியேட்டர் என்ற சொல்லுக்குக் கதிர்வீசுவது என்று பொருள். உண்மையில் இதன் சூட்டில் பாதிக்கும் மேல் வெப்பச்சலனத்தால்தான் அறைக்குப் பரவுகிறது. குளிர்ந்த காற்று கீழிருந்து நுழைந்து, சூடாகி மேலே போகிறது. அதனால் அழகுக்காக நாற்புறமும் பலகை அடைத்து மூடுவது, அடுப்பை மூட்டிவிட்டு அதன் வாயை அடைப்பதற்குச் சமம்.

பழையது ஏன் புதிய கொதிகலனுக்குப் பொருந்துகிறது?

இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய ரேடியேட்டர் எரிபொருளை விழுங்கும் என்று எண்ணிக் கழற்றிவிடுகிறார்கள். எரிபொருளை விழுங்கியது பழைய கொதிகலனும், காற்றுப் புகும் சன்னலும்தான். சுவரில் வெப்பக் காப்பு இல்லாத காலத்தில் கணக்கிட்டு வைத்ததால் இந்த ரேடியேட்டர்கள் மிகப் பெரியவை. பின்னாளில் சுவருக்குக் காப்பும் சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியும் வந்தபின், அதே அறைக்குப் பாதிச் சூடே போதுமானதாகிறது.

ரேடியேட்டரின் நீருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு 50 டிகிரியாக இருக்கும்போது கிடைக்கும் சூட்டை 100 என்று வைத்துக்கொண்டால், வேறுபாடு 30 டிகிரியானால் கிடைப்பது ஏறத்தாழ 51. அதாவது பாதிச் சூடு போதும் என்ற வீட்டில், அறை 20 டிகிரியில் இருக்க, நீர் சராசரியாக 50 டிகிரியில் இருந்தாலே போதும். புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் உள்ளுறை வெப்பத்தையும் பிடிக்கும் இக்காலக் கொதிகலனுக்கு, திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆதாயம் கிடைக்கும். வெப்பப் பம்புக்கும் நீர் எவ்வளவு மிதமாக இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் மிச்சம். சிறிய புதிய ரேடியேட்டரை வாங்கி மாட்டினால் நீரை மீண்டும் அதிகமாகச் சூடாக்க வேண்டிவரும்.

வைத்துக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியவை

எல்லாப் பழைய ரேடியேட்டரும் வெந்நீருக்குரியவை அல்ல. சில நீராவிக்காகச் செய்யப்பட்டவை. அடுத்தடுத்த பகுதிகள் மேலும் கீழும் இரண்டு இடங்களில் உள்ளே இணைந்திருந்தால் வெந்நீர் ஓடும். கீழே மட்டும் இணைந்திருந்தால் அது நீராவிக்கே உரியது. வெந்நீர் அமைப்பில் மாட்டக் கூடாது. பழைய இரும்புக் கடையில் வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

முன்பு பம்பு இல்லாமல், சூடான நீர் தானாக மேலேறும் இயல்பைக் கொண்டே நீர் சுற்றியது. விரியும் நீர் மாடத்துத் திறந்த தொட்டியில் ஏறி நின்றது. இப்போது பம்பும் மூடிய விரிவுத் தொட்டியும் பொருத்துகிறார்கள். இரண்டு மாடி வீட்டில், நீர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அளவில் இருக்கும். கார் டயரில் உள்ளதில் பாதிகூட இல்லை. ஆயினும் பகுதிகளை இணைக்கும் சிறு இரும்பு வளையங்கள் அரித்துப் போயிருந்தால் அதற்கும் கசியும். மாட்டும் முன் அழுத்தச் சோதனை செய்வது அதனால்தான்.

பெயிண்ட் விஷயத்தில் எந்த நிறமும் சரியே. வெள்ளையும் கறுப்பும் ஏறக்குறைய ஒரே அளவு சூடு தரும். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயிண்ட் மட்டும் கதிர்வீசலைக் குறைத்து, மொத்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு வரை தின்றுவிடும். அதைச் சுரண்ட வேண்டியதில்லை; மேலே சாதாரண பெயிண்ட் ஒரு பூச்சு அடித்தால் குறை தீர்ந்துவிடும். சுரண்டுவதுதான் ஆபத்து. பழைய பூச்சில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயிண்ட் தடை செய்யப்பட்டது 1978இல்தான். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழாய்களில் சுற்றிய வெண்ணிறப் பழைய உறையில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அதையும் வீட்டார் தொடக் கூடாது.

உள்ளே சேரும் கறுப்புச் சேறு

இரும்புக்குள் எப்போதும் நீர் நின்றும் ஏன் துருப்பிடித்து ஓட்டையாவதில்லை? புதிதாக நிரப்பிய நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சிறிது இரும்பை அரித்துத் தீர்ந்துபோகிறது. பிறகு அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே ஆண்டுதோறும் நீரை வடித்துப் புது நீர் நிரப்புவது நல்ல பராமரிப்பு அன்று, கெடுதல். அடிக்கடி நீர் சேர்க்க வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

அந்த அரிப்பில் உண்டாவது கறுப்புச் சேறு. அது பெரும்பாலும் மேக்னடைட்தான். பரங்கிப்பேட்டை உலைக்குத் தாதுவாகப் போன அதே இரும்பு ஆக்சைடு. காந்தம் அதை இழுக்கும் என்பதால் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்துகிறார்கள். ரேடியேட்டர் கீழே குளிர்ந்தும் மேலே சூடாகவும் இருந்தால் உள்ளே சேறு, கழுவிவிட வேண்டும். மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் காற்றோ வாயுவோ தங்கியிருக்கிறது. அதற்கு மேல் முனையில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, நீர் எட்டிப் பார்க்கும்வரை வாயுவை விட்டால் போதும்.

பனிக்கால ஆபத்து

தோசைக்கல் கைதவறி விழுந்தால் வளையாது, உடையும். ரேடியேட்டருக்கும் அதே குணம். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது; அந்த விரிவுக்கு வார்ப்பிரும்பு இடம் கொடுக்காமல் பிளந்துவிடும். பனி உருகும்போதுதான் பிளவு தெரியும். அதற்குள் கூடத்தில் வெள்ளம். நூறாண்டு உழைத்த ரேடியேட்டர்கள் ஒரே இரவில் வீணாவது இப்படித்தான். பொங்கலுக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் சிக்கனம் கருதி வெப்பமூட்டலை முழுதும் அணைத்துவிட்டுக் கிளம்பக் கூடாது. 15 டிகிரி அளவில் ஓடவிட்டு, யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கனடாவில் பல வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள், பனிக்காலத்தில் ஆளில்லாத வீட்டை அடிக்கடி ஒருவர் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே படித்துக்கொள்வது நல்லது.