ஹோம்ஸ்டேல 'ஹோம்' எங்கே?

சனிக்கிழமை காலைல சேலத்துல இருந்து கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போறீங்கன்னு வெச்சுக்குவோம். ஆப்ல 'ஹோம்ஸ்டே'ன்னு போட்டிருந்த ஒரு வீட்டை புக் பண்ணியிருக்கீங்க. கேட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்ல ஒரு நம்பர் வருது. பூட்டுல அதை அழுத்தினா கதவு திறக்குது. ரூம் பளிச்சுன்னு இருக்கு, வைஃபை பாஸ்வேர்டு சுவத்துலயே ஒட்டியிருக்கு. ஆனா வீட்டுக்காரர்? அவர் சென்னைலயோ பெங்களூருலயோ இருப்பார். அப்போ இது யாரோட ஹோம்?

கதை எங்க தொடங்குச்சுன்னு முதல்ல பாத்துடலாம். 2007 அக்டோபர்ல சான் ஃபிரான்சிஸ்கோல ஒரு டிசைன் மாநாடு, ஹோட்டல் எல்லாம் ஃபுல். வாடகை கட்டத் திணறிட்டிருந்த பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்களோட வீட்டுல காத்தடிச்ச மெத்தை போட்டு 3 பேரைத் தங்க வெச்சாங்க. அதுதான் ஏர்பிஎன்பியோட ஆரம்பம். சும்மா கிடக்கிற இடத்தைப் பகிர்ந்துக்கலாம், கையில கொஞ்சம் காசும் வரும். 'பகிர்வுப் பொருளாதாரம்'னு சொன்னது இதைத்தான்.

அப்புறம் எப்படி இது முழுநேரத் தொழிலா மாறுச்சு? அந்த ஆப்போட விதியிலயே பதில் இருக்கு. ஏர்பிஎன்பில 'சூப்பர்ஹோஸ்ட்' ஆகணும்னா 4.8 ரேட்டிங் வேணும், 90% மெசேஜுக்கு 24 மணி நேரத்துக்குள்ள பதில் போடணும், கேன்சல் பண்றது 1%க்குக் கீழ இருக்கணும். ஏற்காட்டுல பின்பக்க ரூமை வாடகைக்கு விடற ஒரு ரிட்டயர்டு டீச்சர் இதோட மல்லுக்கட்டணும். பத்து வில்லாவைக் கையில வெச்சு, ஆள் போட்டு நடத்தற கம்பெனிக்கு இது தினசரி வேலை. லீவு நாள்ல ரேட்டை ஏத்தறதைக்கூட அங்க சாஃப்ட்வேர் பாத்துக்கும்.

இதுல விருந்தாளியான நமக்கும் பங்கு இருக்கு. ரித்தேஷ் அகர்வால் 2012ல ஏர்பிஎன்பி மாதிரிதான் 'ஓரவெல் ஸ்டேஸ்' தொடங்கினார். ஆனா இடத்துக்கு இடம் தரம் மாறுது, அதுதான் பிரச்னைன்னு அவருக்குப் புரிஞ்சது. 2013ல அது 'ஓயோ' ஆச்சு: ஒரே மாதிரி பெட்ஷீட், ஒரே மாதிரி பாத்ரூம். நாம கேட்டது அதைத்தானே?

சரி, இதுல என்ன நஷ்டம்? ராத்திரி தண்ணி நின்னா கூப்பிட பக்கத்துல ஆள் இல்ல. எந்த அருவிப் பாதை மழைல வழுக்கும்னு சொல்ல ஆள் இல்ல. அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. வாடகைப் பணம் மலையை விட்டு இறங்கிடுது. விருந்தாளியை வரவேற்கற வீட்டுக்காரரா இருந்திருக்க வேண்டிய உள்ளூர்க்காரர், வேற ஒருத்தர் வில்லாவுக்கு வாட்ச்மேன் ஆயிடறார். 70 வளைவு ஏறிப் போற கொல்லிமலைலயும் இதே கேள்விதான்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஹோம்ஸ்டே அங்கீகாரத் திட்டம் இதுல தெளிவா இருக்கு. 1 முதல் 6 ரூம் வரைக்கும்தான். உரிமையாளர் குடும்பத்தோட அதே வீட்டுல குடியிருக்கணும். ஆனா இது விரும்பினவங்க வாங்கற அங்கீகாரம். அது இல்லாமலே ஆப்ல 'ஹோம்ஸ்டே'ன்னு பேர் போட்டுக்கலாம்.

நியூயார்க் இதையே சட்டமா அமல்படுத்துது. 2023 செப்டம்பர்ல இருந்து, 30 நாளுக்குக் குறைவா வாடகைக்கு விட்டா பதிவு கட்டாயம். வீட்டுக்காரர் கூடவே தங்கணும், விருந்தாளி 2 பேருக்கு மேல கூடாது. பார்சிலோனா இன்னும் ஒரு படி மேல. சுமார் 10,000 சுற்றுலா ஃபிளாட்களோட உரிமத்தை 2028க்குள்ள முடிச்சுக்கப்போறதா 2024ல அறிவிச்சது.

கம்பெனி நடத்தற வில்லாவே தப்புன்னு நான் சொல்லல. சுத்தமான ரூமுக்குக் காசு கொடுக்கறது நியாயம்தான். அதுக்கு 'வில்லா'ன்னே பேர் வைக்கட்டும். அடுத்த தடவை மலை ஏறும் முன்னாடி, புக் பண்றப்போ ஒரே ஒரு மெசேஜ் போடுங்க: "இந்த வீட்டுல யார் குடியிருக்காங்க?" பதில் என்ன வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.