ஒரு மலை, மூன்று கேள்விகள்

ஏற்காடு என்றதும் ஏரியும் காப்பித் தோட்டங்களும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், தலைச்சோலை போன்ற சிற்றூர்களைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலை, பல்துறை ஆய்வாளர்க்கும் பாடநூலாகும்.

"இங்கு வளர்வன யாவை?" என்பது தாவரவியலின் கேள்வி. 1967-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவரச் சேமகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு, இம்மலை உள்ளிட்ட தமிழகப் பகுதிகளின் செடிகொடிகளை ஆராய்ந்து, 1980-களில் பெருநூல்களாக வெளியிட்டார்.

"இம்மண் எதற்குப் பயன்படும்?" என்பது பொறியியலின் கேள்வி. இம்மலையில் பாக்சைட் தாது உண்டு. அதனை எரிசோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரித்து, பின் மின்சாரம் செலுத்தினால், ஏறத்தாழ 4 டன் தாதுவிலிருந்து 1 டன் அலுமினியம் கிடைக்கும். 1965-இல் தொடங்கிய மேட்டூர் ஆலைக்கு முன்னாளில் இங்கிருந்தும் தாது சென்றது.

"முடிவு செய்வோர் யார்?" என்பது அரசியலின் கேள்வி. ஏற்காடு, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ கிராம சபைக்கே குரல் அளிக்கிறது.

மண்ணை அகழ்ந்தால் செடி மறையும். மறைந்தது எதுவெனத் தாவரவியலார் சொல்வர். அகழலாமா என்பதை மக்கள் தீர்மானிக்க வேண்டும். ஒரு துறையின் விடை மட்டும் போதாது.

பெற்றோரே, "எந்தப் படிப்பு உயர்ந்தது?" என்று ஒப்பிடுவதை விடுத்து, நம் பிள்ளைகளின் உள்ளத்தில் எந்தக் கேள்வி எழுகிறது என்பதைக் கவனிப்போம்.