மீண்டும் ஒரு தந்தி!

"தந்தி வந்திருக்கிறது!" என்ற குரலைக் கேட்டு நடுங்காத குடும்பம் ஒரு காலத்தில் நமது கொங்கு நாட்டில் இருந்ததில்லை. அவிநாசிக்கு அருகேயுள்ள நமது கிராமத்தில், தந்திச் சேவகர் வாசலில் சைக்கிளை நிறுத்தினாரானால், உறையைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே அழுகை தொடங்கிவிடும். பிரித்த பிறகு, அதிலுள்ள இங்கிலீஷைப் படித்துச் சொல்வதற்கு வாத்தியாரைத் தேடி ஓட வேண்டும். வாத்தியார் வந்து, "பையனுக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது" என்று சொன்ன பின்னும் கண்ணீர் நிற்கச் சற்று நேரமாகும். சிறு வயதில் இக்காட்சியை நாமே கண்டிருக்கிறோம்.

அந்தத் தந்திக்கு 2013-ஆம் வருஷம் ஜூலை 14-ந் தேதியோடு முடிவு வந்துவிட்டது. 1850-ல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் துறைமுகத்துக்கும் இடையே முதற் கம்பியைப் பரீட்சார்த்தமாகப் போட்டவர் ஒஷாக்னஸி என்னும் வைத்தியர். அவருக்கு வலக்கையாக நின்று உழைத்தவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. சில வருஷங்களுக்குள் கம்பி பம்பாய், சென்னை, பெங்களூர் வழியாக உதகமண்டலம் வரையில் வந்துவிட்டது. 1857-ல் சுதந்திரப் போர் மூண்டபோது வெள்ளையருக்குப் பெருந்துணை செய்ததும் இந்தக் கம்பியேயாகும். நம்மவர் உழைப்பில் எழுந்த சாதனம் நம்மையே கட்டியது!

கம்பி போயிற்று, ஆனால் அக்கம்பியின் பாஷை போகவில்லை. அமெரிக்காவில் மோர்ஸ் என்பவர் வகுத்த அந்தப் பாஷையில் இருப்பவை இரண்டே ஒலிகள்: குறிலைப் போல ஒரு புள்ளி, நெடிலைப் போல ஒரு கோடு. கோட்டின் நீளம் மூன்று புள்ளி. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று புள்ளி நேரம் மௌனம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சுருக்கமான குறி. ஆகவேதான் இங்கிலீஷில் மிகுதியாக வரும் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. சோமனூர்ப் பக்கத்தில் தறியோசையைக் கேட்டே நெசவில் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டல்லவா? தந்திக்காரரின் காதும் அத்தகையதே.

கோயம்புத்தூரில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தந்திக் குமாஸ்தா. வயது எழுபத்தைந்துக்கு மேல். இரவில் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தமது பழைய பித்தளைக் கட்டையைத் தட்டத் தொடங்குவார். இன்டர்நெட் வழியாக எங்கோ கடல் கடந்த தேசத்தில் முகம் தெரியாத ஒருவர் பதில் தட்டுவார். "ரேடியோவில் இப்படித் தட்ட வேண்டுமானால் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும், இதற்கு ஒன்றும் வேண்டாம்" என்று சிரிப்பார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இன்டர்நெட்டில் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து செல்கிறது. ஒரு துண்டு முந்தும், மற்றொன்று பிந்தும். ஒலியின் தாளமே உயிரான பாஷைக்கு இது பெரிய ஆபத்தல்லவா? ஆகவே, கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினார், எவ்வளவு நேரம் விட்டார் என்ற கணக்கையே யந்திரம் அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள யந்திரம் சற்றே தாமதித்து, அக்கணக்கின்படி ஒலியைத் திரும்ப எழுப்புகிறது. அதனால் தட்டுகிறவரின் கைவாகு கெடாமல் போய்ச் சேருகிறது.

இது கிழவரின் பொழுதுபோக்கு என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம், நமது வகுப்பு மாணவன் ஒருவனை அவர் காணும் வரையில். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் கண்ட பிள்ளை அவன். அவன் பேச்சு தாய்க்கன்றி மற்றவர்க்கு விளங்காது. விரல்கள் சிறிய எழுத்துப் பொத்தான்களில் நில்லா. ஆனால் அறிவோ மிகக் கூர்மை.

2018-ல் கூகுள் கம்பெனியார் கைப்பேசியின் எழுத்துப் பலகையில் மோர்ஸையும் சேர்த்தார்கள். அதற்குத் துணை நின்ற டானியா பின்லேசன் என்னும் அமெரிக்க மாதும் இந்நோயுடன் பிறந்தவர். மோர்ஸினாலேயே உலகத்தோடு பேசுகிறவர். அப்பலகையில் புள்ளிக்கொரு பெரிய பொத்தான், கோட்டுக்கொரு பெரிய பொத்தான், அவ்வளவே. தட்டியதைக் கைப்பேசி எழுத்தாக்கி அனுப்பிவிடும். பெறுகிறவர் மோர்ஸ் அறிந்திருக்க வேண்டுவதில்லை.

நண்பர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து சொல்லிக் கொடுத்தார். நான்காம் மாதம் ஒரு நாள் பையன் தட்டினான்: புள்ளி கோடு, கோடு கோடு, கோடு கோடு, புள்ளி கோடு. இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா'!

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தாய் உடனே நம்மைக் கூப்பிட்டாள். "வாத்தியாருங்களா? இதை யாருங்க அடிச்சது?"

"உங்கள் பையன்தான், அம்மா."

வெகு நேரம் அந்தப் பக்கத்திலிருந்து தையல் மிஷின்களின் ஓசை மட்டுமே கேட்டது.

தமிழ்ப் பிள்ளை தன் தாயை இங்கிலீஷ் எழுத்தில் அழைக்க வேண்டியிருந்ததே என்ற குறை நமக்கு உண்டு. அதைத் தீர்ப்பது, தமிழும் கம்ப்யூட்டரும் ஒருங்கே அறிந்த நம் இளைஞர்களின் கடமை. அதற்குள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தந்தி ஆபீஸ்களில் உழைத்த கைகள் நம் ஊர்களில் இன்னும் சில உள்ளன. எல்லாம் முதிர்ந்த கைகள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், பேச இயலாத குழந்தை ஒன்றை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் மறுக்க மாட்டார்.