ரேடியோவுக்குள் ஒரு குட்டி நிலையம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும்போது எஃப்எம் விட்டுவிட்டுத்தான் கேட்கும். அந்த அலை நேராகப் போவது. குன்று குறுக்கிட்டால் மறைந்துவிடும். மத்திய அலையோ தரையை ஒட்டி வளைந்து வரும். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அப்படிப்பட்ட அலைதான்.

அதைப் பிடிக்கும் சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோ, தானும் ஓர் அலையை உண்டாக்குகிறது. திருச்சிக்குத் திருப்பினால் உள்ளே 1391 கிலோஹெர்ட்ஸ் பிறக்கும். இரண்டும் கலந்தால் வித்தியாசம் 455. சென்னையின் 720-க்குத் திருப்பினால் உள்ளே 1175. வித்தியாசம் அதே 455. எந்த நிலையமும் 455-க்கு மாறிவிடுவதால், அதை மட்டும் நன்றாகப் பெருக்கினால் போதும். எனக்கு இன்றும் வியப்பூட்டும் ஏற்பாடு இது.

உள் அலையை உண்டாக்குவது அலையியற்றி. பின்மூடியைக் கழற்றினால் சின்னச் சின்னத் தகரக் கூடுகள் தெரியும். பெரும்பாலும் தலையில் சிவப்புப் பூசியிருப்பதுதான் அலையியற்றியின் காயில், அதாவது கம்பிச்சுருள். அதோடு இணைந்த மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம் காயில் வழியே பாய்ந்து காந்தப்புலமாகிறது. புலம் சரியும்போது மின்தேக்கி எதிர்ப்பக்கமாக ஏறுகிறது. பிறகு திரும்பப் பாய்கிறது. எவ்வளவு வேகமாக என்பதைக் காயிலும் மின்தேக்கியும் தீர்மானிக்கின்றன. டயலைத் திருகினால் மின்தேக்கியின் அளவு மாறும், அதிர்வெண்ணும் மாறும்.

கம்பியின் மின்தடையால் இந்த ஆட்டம் உடனே தேய்ந்துவிடும். அங்கேதான் டிரான்சிஸ்டர் வேண்டும். தூளியை ஆட்டும் கைபோல, ஒவ்வொரு சுற்றிலும் இழந்ததை அது சரியான நேரத்தில் ஈடுசெய்கிறது. அலையில் கொஞ்சம் எடுத்து, பெருக்கி, அதே காயிலுக்குத் திருப்பித் தருகிறது. திருப்பித் தரும் கம்பிச்சுற்றின் இரு முனைகளை மாற்றிப் பற்றவைத்தால் அலை வளராது, அடங்கிப்போகும்.

முதல் அசைவு சுவிட்சைப் போடும் அதிர்விலும் டிரான்சிஸ்டரின் இயல்பான இரைச்சலிலும் கிடைக்கிறது. அது சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, டிரான்சிஸ்டரால் அதற்குமேல் பெருக்க முடியாத இடத்தில் நிலைக்கிறது. பேட்டரி இளைத்தால் பெருக்கம் குறையும். சில செட்டுகளில் டயலின் ஒரு பக்கம் மட்டும் ஊமையாவது அதனால்தான்.

சோதித்துப் பார்க்க இரண்டு ரேடியோ போதும். ஒன்றை 1390 பக்கம், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, மற்றதை ஒட்டி வைத்து 936-ஐச் சுற்றி மெல்லத் திருகுங்கள். ஓரிடத்தில் முதல் ரேடியோவின் இரைச்சல் சட்டென அடங்கும். பக்கத்து ரேடியோவின் அலையியற்றியைத்தான் அது பிடித்திருக்கிறது.