20 டிபி டிஸ்க்கில் 1 டிபி காலி... ஆனாலும் 'இடமில்லை'! லினக்ஸ் சர்வர் ஏன் இப்படிச் சொல்கிறது?

20 டிபி ஸ்டோரேஜ். மொத்தத்தில் பயன்படுத்தியதைக் கழித்தால் இன்னும் 1 டிபி மிச்சம். ஆனால் ஒரு சின்ன ஃபைலைக்கூட சேவ் பண்ண முடியவில்லை. "டிஸ்க்கில் இடமில்லை" என்கிறது லினக்ஸ். சிசிடிவி காட்சியோ, மருத்துவமனை ஸ்கேனோ, அந்த நொடியே புதிய பதிவு நின்றுவிடும். பதற்றத்தில் கையில் கிடைத்ததை டெலீட் பண்ணுவதற்கு முன், இதையெல்லாம் பாருங்க.

அந்த 1 டிபி எங்கே போச்சு?

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், 5 சதவீத இடத்தை ரூட் யூசருக்காக ஒதுக்கி வைக்கும். 20 ஜிபி டிஸ்க்கில் இது வெறும் 1 ஜிபி. 20 டிபியில் முழுசா 1 டிபி! டேட்டா மட்டும் வைக்கும் வால்யூம் என்றால், 'டியூன்2எஃப்எஸ்' கமாண்ட் மூலம் இதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஐநோட் தீர்ந்துவிட்டதா?

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு 'ஐநோட்' வேண்டும். ஃபைலின் அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் அது இருக்கும் இடம் எல்லாம் அதில்தான் பதிவாகும். இஎக்ஸ்டி4-ல் ஃபார்மட் செய்யும்போதே ஐநோட் எண்ணிக்கை முடிவாகிவிடும். பொதுவாக சிறிய டிஸ்க்குகளில் 16 கேபி-க்கு ஒன்று. 16 டிபி-க்கு மேல் போனால் 64 கேபி-க்கு ஒன்றுதான்.

அதனால் 20 டிபி வால்யூமில் 16 கேபி ஃபைல்களாகவே போட்டு வந்தால், ஏறக்குறைய கால்வாசி நிரம்பும்போதே ஐநோட் காலி. பந்தியில் இடம் இருந்தும் இலை தீர்ந்துபோன கதைதான். 'டிஎஃப் -ஐ' என்று கொடுத்தால் 100 சதவீதம் எனக் காட்டும். வால்யூமைப் பெரிதாக்காமலோ, மறுபடி ஃபார்மட் செய்யாமலோ எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. பழைய குட்டி ஃபைல்களை ஒரே ஆர்கைவாகச் சேர்த்து, அசலை நீக்குவது உடனடி வழி.

எக்ஸ்எஃப்எஸ் என்றால்?

இதில் ஐநோட்கள் தேவைக்கேற்ப உருவாகும். ஆனால் பழைய லினக்ஸில் அவை முதல் 1 டிபி-க்குள்தான் இருக்க வேண்டும். அந்தப் பகுதி நிரம்பினால் மீதி எத்தனை டிபி இருந்தும் பயனில்லை. 2012 டிசம்பரில் வந்த 3.7 கெர்னலில்தான் இந்தக் கட்டுப்பாடு இயல்புநிலையில் இருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய சர்வர் என்றால் 'ஐநோட்64' ஆப்ஷனோடு மவுண்ட் செய்யணும்.

டெலீட் பண்ணியும் இடம் வரலையா?

ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அதை மூடும்வரை இடம் திரும்பாது. எது என்று 'எல்எஸ்ஓஎஃப்' காட்டிக்கொடுக்கும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

எதைச் செய்யவே கூடாது?

மேலே சொன்ன எதுவும் டிஸ்க் பழுது அல்ல. ஆனால் பழுது என்று நினைத்து, மவுண்டில் இருக்கும் வால்யூமில் 'எஃப்எஸ்சிகே' ரிப்பேரை ஓட்டினால் நிஜமாகவே பழுதாகிவிடும். எக்ஸ்எஃப்எஸ்-ல் உண்மையிலேயே கோளாறு என்றால், அன்மவுண்ட் செய்துவிட்டு 'எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என்' கொடுங்க. எதையும் மாற்றாமல் சோதனை மட்டும் செய்யும். '-எல்' ஆப்ஷன், இன்னும் டிஸ்க்கில் சேராத மாற்றங்கள் இருக்கும் லாகையே அழித்துவிடும். வேறு வழியே இல்லாதபோது, அதுவும் பேக்கப் எடுத்த பிறகு மட்டும்தான் அதைத் தொடணும்.