ஏழாயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தால்...

அமெரிக்காவின் மயாமி துறைமுகத்தில் சனிக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்றான ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’, ஒரு வார கரீபியன் பயணத்தை முடித்துக்கொண்டு அங்கே வந்து நிற்கும். பல ஆயிரம் பேர் பெட்டி படுக்கையோடு இறங்க வேண்டும். அவர்கள் படுத்த விரிப்புகளை மாற்ற வேண்டும். அடுத்த ஒரு வாரத்துக்கான காய்கறி, முட்டை, இறைச்சி எல்லாம் ஏற்ற வேண்டும். பிறகு இன்னொரு பல ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு, மாலை மங்குவதற்குள் கப்பல் மறுபடி கிளம்பியாக வேண்டும். 2024 ஜனவரி 27-இல் முதல் பயணம் போனதிலிருந்து அந்தக் கப்பலுக்கு இதுதான் வாரச் சுழற்சி.

2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாப் பயணிகளோடு புறப்பட்ட ‘எம்பிரஸ்’ கப்பலை நம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1990-இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில், ஐகானின் உரிமையாளரான அதே ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கப்பல். சென்னைத் துறைமுகத்தில் எல்லோரையும் அண்ணாந்து பார்க்க வைத்தது. அதைப் போல ஐந்து கப்பல்களைச் சேர்த்தால்தான் கொள்ளளவில் ஐகானுக்கு ஈடாகும். ஐகானின் நீளம் சுமார் 365 மீட்டர், 20 தளங்கள்.

இதில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதற்குக் கப்பல் தொழிலில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. கேபினுக்கு இருவர் என்று வைத்துத்தான் ‘நூறு சதவிகிதம் நிரம்பியது’ என்பார்கள். அந்தக் கணக்குப்படி ஐகானில் 5,610 பேர். ஆனால் பல கேபின்களில் சோபாவை விரித்தால் அது படுக்கை. மேலேயிருந்து மடக்குக் கட்டிலும் இறங்கும். எல்லாம் நிரம்பினால் 7,600 பேர். ஊழியர்கள் 2,350 பேர் தனி. கூடுதல் கட்டில்களில் படுப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். அதனால் அமெரிக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் மார்ச், ஜூன், ஜூலை மாதங்களிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் கப்பல் பிதுங்கும். செப்டம்பரிலோ, புத்தாண்டு முடிந்த கையோடு ஜனவரியிலோ போனால் அதே கப்பலில், அதே கேபினில், ஆயிரம் பேருக்கு மேல் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. கட்டணமும் இறங்கியிருக்கும். கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் கப்பலில் ஏறிய பிறகு செய்யக்கூடிய எதையும்விட, டிக்கெட் எடுக்கும்போது தேதியைத் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம் பலன் தரும்.

இவ்வளவு பேருக்கும் இடம் போதுமா என்றால், போதும். 2009-இல் வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலிலேயே அந்த வித்தையைச் செய்துவிட்டார்கள். கப்பலின் நடுப்பகுதியைத் திறந்த வெளியாக விட்டு, இரு பக்கமும் அடுக்குமாடி போலக் கேபின்களைக் கட்டினார்கள். நடுவே எட்டாம் தளத்தில் ‘சென்ட்ரல் பார்க்’ என்று நிஜச் செடி கொடிகள் வளரும் பூங்கா, ஆறாம் தளத்தில் குடைராட்டினத்தோடு ஒரு கடைத்தெரு, ஐந்தாம் தளத்தில் அகலமான உள்வீதி. மொத்தம் ஏழு பேட்டைகள், ஐகானில் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிற்பகல் மூன்று மணிக்கு சென்ட்ரல் பார்க்கில் நடந்தால், ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்திருக்கும் கப்பலில் பத்துப் பேரைத்தான் பார்ப்போம்.

அப்படியானால் வரிசை எங்கிருந்து வருகிறது? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிப்பதிலிருந்து. ஒரே நேரத்தில் குளிக்க, ஒரே நேரத்தில் மேலே ஏற, ஒரே நேரத்தில் கரை இறங்கத் தோன்றுவதிலிருந்து. கட்டுபவர்களால் இடத்தைப் பெருக்க முடிந்தது. பகல் பன்னிரண்டு மணியைப் பெருக்க முடியவில்லை.

முதல் நாளே இது தெரிந்துவிடும். துறைமுகத்துக்கு எந்த மணிக்கு வர வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே செயலியில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் விவரமும் புகைப்படமும் முன்பே போய்விடுகின்றன. அதையெல்லாம் முடித்துவிட்டுச் சொன்ன நேரத்துக்கு வருகிறவர்கள் சில நிமிடங்களில் உள்ளே போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நெரிசல். கேபின்கள் பிற்பகல்வரை தயாராகாது. கைப்பையும் குழந்தையுமாக எல்லோரும் நேராக மேல்தளத்தில் உள்ள ‘விண்ட்ஜாமர்’ பஃபேவுக்குப் போகிறார்கள். தட்டை நிரப்பிக்கொண்டவர்கள் உட்கார இடமில்லாமல் சுற்றுவதும், கல்யாண வீட்டுப் பந்தியில் நிற்பது போல, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் எப்போது எழுவார் என்று பார்ப்பதும் ஒவ்வொரு பயணத்தின் முதல் மதியமும் நடக்கிறது. அதே நேரத்தில் சென்ட்ரல் பார்க்கில் உள்ள ‘பார்க் கஃபே’யில் மேஜைகள் காலியாக இருக்கும். அங்கேயும் கூடுதல் காசு கிடையாது.

பஃபே வாசலில் நிற்கும் வரிசை ஒன்றை மட்டும் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். கை கழுவும் வரிசை. கப்பல்களில் வாந்தி பேதி பரப்பும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் சரியான மருந்தல்ல. சோப்பும் தண்ணீரும்தான். புதிய கப்பல்களில் வாசலிலேயே கை கழுவும் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். ‘ஜெல் போட்டுக்கொண்டேன்’ என்று சொல்லி நழுவுகிறவர் மிச்சப்படுத்துவது அரை நிமிடம். பரிமாறும் கரண்டியில் அவர் விட்டுச் செல்வதை அடுத்த நூறு பேர் தொடுகிறார்கள்.

பெரிய கப்பலில் மனிதர்களைச் சோதிக்கும் இடம் லிஃப்ட் வாசல். ஒயாசிஸில் பயணிகளுக்கு 24 லிஃப்டுகள் இருக்கின்றன; முன்பக்கம் ஒரு கொத்து, பின்பக்கம் ஒரு கொத்து. பெரிய அரங்கில் சுமார் 1,400 இருக்கைகள். காட்சி முடிகிறது. பாதிப் பேர் கேபினுக்குப் போக முன்பக்க லிஃப்டுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், 700 பேர். பன்னிரண்டு லிஃப்டுகளிலும் தலா பன்னிரண்டு பேர் ஏறினாலும், ஐந்து நடை ஆகும். ஒவ்வொரு நடையிலும் ஐந்தாறு தளங்களில் நின்று நின்று போய்த் திரும்ப வேண்டும். கதவு திறக்கும், உள்ளே இரண்டு குழந்தை வண்டிகள், நீச்சல் உடையில் நனைந்த பிள்ளைகள், துண்டுகள். வெளியே இருப்பவர்களும் உள்ளே இருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கதவு மூடும்.

அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் இருப்பார். நிற்கிறவர்கள் இடுக்கில் நுழைந்துவிடலாம். நாற்காலிக்கு முழு இடம் வேண்டும். அதனால் மூன்று லிஃப்ட், நான்கு லிஃப்ட் என்று அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். வரிசை என்று ஒன்று இல்லாத இடத்தில் முதலில் தோற்பது உடல் நலிந்தவர்கள்தான். கப்பல் நிறுவனங்கள் நெரிசலான நேரங்களில் லிஃப்ட் வாசலில் ஓர் ஊழியரை நிறுத்தி, சக்கர நாற்காலிகளை முதலில் ஏற்றிவிடச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கால் நன்றாக இருப்பவர்கள், இறங்கும்போது மட்டுமாவது படிக்கட்டைப் பயன்படுத்தினால் கூட்டம் கணிசமாகக் கரையும். படிகள் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே, அகலமாக, பெரும்பாலும் காலியாக இருக்கின்றன.

அரங்குகளின் கதை வேறு. 1,400 இருக்கைகளுக்குள் ஏழாயிரம் பேர் அடங்க முடியாது என்பதால் ஒரே நிகழ்ச்சியை வாரத்தில் பல காட்சிகளாக நடத்துகிறார்கள். பனிச்சறுக்கு அரங்கும் நீர்ச்சாகச அரங்கும் இன்னும் சிறியவை. முன்பதிவு இலவசம். ஆனாலும் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நல்ல நேரங்கள் போயிருக்கும். இடம் கிடைக்காதவர்கள் காத்திருப்போர் வரிசையில் நின்றால், காட்சி தொடங்கச் சற்று முன்னதாக, வராதவர்களின் இருக்கைகளைத் திறந்துவிடுவார்கள். பெரும்பாலான நாட்களில் அப்படி உள்ளே போய்விட முடிகிறது.

ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த டேவிட் மைஸ்டர் 1985-இல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் தெரியாவிட்டால் இன்னும் நீளும். நியாயமில்லை என்று பட்டால் தாங்கவே முடியாது என்றார். இன்றைய கப்பல்கள் முதல் இரண்டையும் ஓரளவு சரிசெய்துவிட்டன. மூன்றாவதைக் கப்பல் நிறுவனங்களே விலைக்கு விற்கின்றன. ராயல் கரீபியனில் ‘தி கீ’ என்று ஒரு திட்டம். பணம் கட்டினால் முன்னுரிமையில் ஏறலாம், அரங்கில் தனி இருக்கை, இன்னும் சில சலுகைகள். நார்வீஜியன் நிறுவனத்தில் ‘தி ஹேவன்’, எம்.எஸ்.சி.யில் ‘யாட் கிளப்’. கப்பலுக்குள் இன்னொரு கப்பல். பெரிய அறை, தனிக் குளம், நல்ல சாப்பாடு என்று எதை வேண்டுமானாலும் விற்கட்டும். வரிசையில் முன்னால் போகும் உரிமையை விற்கும்போது, விற்கப்படுவது பின்னால் நிற்பவரின் நேரம். அதற்கான பணம் அவருக்கு வருவதில்லை.

நீச்சல் குளத்தில் வேறொரு அநியாயம். கடல் நாள், அதாவது எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாள் என்றால், காலை ஏழு மணிக்கே சாய்வு நாற்காலிகளில் துண்டுகள் கிடக்கும். ஒரு செருப்பு, ஒரு புத்தகம், தலைமுடி கிளிப். ஆள் இருக்க மாட்டார். பத்து மணிக்கு வருவார். அரை மணி நேரம் ஆள் இல்லாவிட்டால் பொருட்களை எடுத்துவிடலாம் என்ற வகையில் பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. நடைமுறையில் ஊழியர்கள் தயங்குகிறார்கள். பயணி கோபப்பட்டுப் புகார் எழுதினால் பாதிக்கப்படுவது, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை செய்யும் அந்த ஊழியர். விதியை அமல்படுத்தும் பாரத்தை அவர் தலையில் வைக்காமல் மேலதிகாரிகள் நேரில் வந்து செய்தால், இரண்டே நாளில் இந்தப் பழக்கம் அடங்கிவிடும்.

குளத்தையும் நீர்ச்சறுக்குகளையும் நிம்மதியாக அனுபவிக்க ஒரு வழி உண்டு. கப்பல் நாசாவ், கோஸுமெல் போன்ற ஒரு துறைமுகத்தில் நிற்கும் நாளில், கரையில் பெரிய ஆர்வமில்லை என்றால், கப்பலிலேயே இருந்துவிடுவது. முந்தின நாள் முக்கால் மணி நேரம் நிற்க வைத்த சறுக்கில் ஏறி இறங்கி ஏறலாம். கரைக்குப் போகிறவர்கள், கப்பல் கிளம்பும் நேரத்தை ஒட்டித் திரும்பக் கூடாது. ஒவ்வொருவரின் அட்டையையும் சரிபார்த்து, பைகளை எக்ஸ்ரேயில் விட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் துறைமுகமே வரிசையாகிவிடும். கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பலைக் கடலிலேயே நங்கூரமிட்டு நிறுத்தி, சிறு படகுகளில்தான் கரை சேர்ப்பார்கள். அங்கே காலையில் முதல் கூட்டம் இறங்கும்வரை பொறுத்திருப்பதே மேல்.

எந்தச் சலுகையாலும் முந்த முடியாத, முந்தவும் கூடாத வரிசை ஒன்று இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் கூட வேண்டிய இடத்தில் நிற்கும் ‘மஸ்டர்’ வரிசை. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்யோ தீவருகே ‘கோஸ்டா கான்கோர்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சியே நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அன்றைய விதி இருந்தது. 2015 முதல் சர்வதேச விதி மாறியது. கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

முன்பெல்லாம் அந்தப் பயிற்சிக்கு எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டி, வெயிலில் தோளோடு தோள் நிற்க வைப்பார்கள். பயணிகள் வெறுத்தார்கள். கொரோனா காலமான 2020-இல் ராயல் கரீபியன் அதைப் பிரித்துப் போட்டது. காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, வசதிப்பட்ட நேரத்தில் தன் கூடுமிடத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்தால் முடிந்தது. நெரிசல் ஒழிந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அதில் ஒரு பதற்றம் இருக்கிறது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் நிஜமாகவே எழும் இரவில், யாரும் வசதிப்பட்ட நேரத்துக்கு வரப்போவதில்லை. எல்லோரும் ஒன்றுகூடிய பிறகு, கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தால், 30 நிமிடங்களுக்குள் உயிர்காப்புப் படகுகள் அத்தனையும் ஆட்களோடு இறங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒயாசிஸில் அப்படி 18 படகுகள். ஒவ்வொன்றிலும் 370 பேர். தன்னோடு அந்தப் படகில் உட்காரப்போகிற 369 பேரின் நெரிசல் எப்படி இருக்கும் என்பதை இன்றைய பயணி ஒரு முறைகூட உணராமல் ஊர் திரும்புகிறார். காணொளியைப் பார்க்காமல் ஓடவிட்டு, ஊழியரிடம் அட்டையை மட்டும் நீட்டிவிட்டு நகர்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கூடுமிடத்தில் ஐந்து நிமிடமாவது நின்று, கேபினிலிருந்து அங்கே லிஃப்ட் இல்லாமல் வரும் படி எது என்று குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். ஆபத்து வேளையில் லிஃப்டை நம்ப முடியாது.

இறங்கும் காலைக்கு இரண்டே வழி. பெட்டிகளைத் தானே இழுத்துக்கொண்டு விடிந்ததும் முதல் ஆட்களாக இறங்குவது. லிஃப்ட் நெரிசல் உச்சத்தில் இருக்கும், சக்தி உள்ளவர்களுக்கு மட்டுமே ஏற்றது. இல்லையென்றால் முந்தின இரவே பெட்டியில் எண் அட்டை கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட்டு, உள்ளதிலேயே கடைசிக் குழு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குவது. முதியவர்களோடு போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஒன்பதரை மணிக்கு மேல் சுங்கச் சோதனை வாசலில் கூட்டம் குறையத் தொடங்கும். அதற்கேற்றபடி, மயாமியிலிருந்து கிளம்பும் விமானத்தைப் பகல் பன்னிரண்டுக்கு முன்பாகப் பதிவு செய்யாதீர்கள்.